முதல் அழைப்பு 911க்கு: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்கு

நெஞ்சுவலி வந்தால் நம்மவர்கள் முதலில் போன் எடுப்பது சித்தப்பாவுக்கு. இல்லாவிட்டால் மாமாவுக்கு, அகதிக் கோரிக்கைக்கு லோயர் பிடித்துத் தந்த அண்ணாவுக்கு. ஆங்கிலம் தெரிந்த, கார் வைத்திருக்கிற, "நான் வாறன், ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்று சொல்லக்கூடிய ஒருவருக்கு. அவர் அந்த நேரம் வேலையில் நிற்பார், அல்லது 401 நெடுஞ்சாலையில் நெரிசலுக்குள் நிற்பார். அவர் வந்து சேரும்வரை வலிக்காரர் பேஸ்மென்டில் வியர்த்துப்போய் இருப்பார்.

ஸ்காபரோவில் பல வருடமாகத் தொலைபேசி வழித் தமிழ் மொழிபெயர்ப்புத்தான் என் வேலை. ஆஸ்பத்திரி, பொலிஸ், அம்புலன்ஸ், வெல்ஃபேர் கந்தோர் என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவது குரலாக நான் இருப்பேன். அந்த அழைப்புகளில் கேட்டது எதையும் இங்கே எழுதமாட்டேன். அது சொல்லக்கூடாத விஷயம். ஆனால் திரும்பத் திரும்ப வரும் ஒரு தாமதத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உதவி கேட்கத் தெரியாமல் யாரும் நிற்பதில்லை. முதலில் யாரிடம் கேட்பது என்பதில்தான் நேரம் போகிறது. முதல் அழைப்பு அவசர உதவி இலக்கமான 911க்கு, இரண்டாவது அழைப்பு சித்தப்பாவுக்கு. வீட்டில் எல்லோரும் இதைப் பேசி முடிவுசெய்து வையுங்கள், சித்தப்பா உட்பட.

911 எடுத்தால் என்ன நடக்கும்

எந்தப் போனிலிருந்தும் எடுக்கலாம். காசு இல்லை. சிம் இல்லாத, பில் கட்டாமல் வெட்டுப்பட்ட கைபேசியிலும் சார்ஜ் இருந்து சிக்னல் கிடைத்தால் 911 போகும். அதனால் பழைய போனை எறியாதீர்கள். சார்ஜ் போட்டு அம்மா அப்பாவின் கட்டிலடியில் வையுங்கள்.

எடுத்தவுடன் ஆங்கிலத்தில் ஒரே கேள்விதான் வரும்: "பொலிஸ், ஃபயர், ஓர் அம்புலன்ஸ்?" இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள். நெருப்புக்கு "ஃபயர்", நோய்க்கும் காயத்துக்கும் "அம்புலன்ஸ்", யாராவது தாக்கினால் அல்லது வீடு உடைத்தால் "பொலிஸ்". அடுத்தது உங்கள் விலாசம். அதற்குப் பிறகு "டமில், டமில் இன்டர்பிரிட்டர் பிளீஸ்". இந்த வரிசையை மாற்றாதீர்கள். அழைப்பு இடையில் அறுந்தாலும் விலாசம் அவர்கள் கையில் இருந்தால் யாராவது வருவார்கள்.

விலாசம் சொல்வது லேசான வேலை இல்லை. கைபேசி காட்டும் இடம் கிட்டத்தட்டத்தான் சரியாக இருக்கும். அது வீட்டையோ மாடியையோ காட்டாது. வீட்டு இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுங்கள்: "ஒன், ஃபோர், செவன்." வீதிப் பெயரோடு அது ரோட்டா, அவெனியூவா, கிரெசென்டா என்றும் சொல்ல வேண்டும், ஒரே பெயரில் இரண்டு வீதி இருக்கலாம். பிறகு பக்கத்துப் பெரிய சந்தி: "மார்க்கம் அன்ட் எக்ளின்டன்", "லோரன்ஸ் அன்ட் கென்னடி" மாதிரி. நம்மில் நிறையப் பேர் நிலக்கீழ் அறைகளில் இருக்கிறோம். முன்கதவைத் தட்டினால் மேல்வீட்டுக்காரர்தான் திறப்பார். ஆகவே "பேஸ்மென்ட், சைட் டோர்" என்ற இரண்டு சொல்லும் முக்கியம். மாடிக் கட்டடம் என்றால் யூனிட் இலக்கமும், உள்ளே வர அழுத்த வேண்டிய பஸர் இலக்கமும் வேண்டும். வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே இதை உரத்துச் சொல்லிப் பழகுங்கள், பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

தமிழ் கேட்டதும் லைன் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். ஏதோ கிளிக் சத்தம் கேட்கலாம், ஒன்றுமே கேட்காமலும் இருக்கலாம். நம்மவர்கள் போனை வைத்துவிடுவது இந்த இடத்தில்தான். வைக்காதீர்கள். அந்த அமைதி எங்களைப் போன்ற ஒருவரைத் தேடி இணைக்கும் நேரம்.

ரொறன்ரோவில் 911ஐ முதலில் எடுப்பது பொலிஸ் பிரிவு. அம்புலன்ஸ் அல்லது நெருப்பு என்றால் அங்கிருந்து அடுத்த ஆளுக்கு மாற்றுவார்கள். அந்த ஆள் விலாசத்தைத் திரும்பக் கேட்பார். "இப்பதானே சொன்னன்" என்று கோபப்படாமல் முழுவதையும் மறுபடி சொல்லுங்கள். பிறகு கேள்விகள் தொடங்கும்: வயது என்ன, மூச்சு விடுகிறாரா, நினைவு இருக்கிறதா, ரத்தம் போகிறதா. இவ்வளவு கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று கத்துபவர்கள் உண்டு. நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அம்புலன்ஸை அனுப்பும் வேலையைச் செய்வார். இதைத் தெரிந்துகொண்டால் பதற்றம் பாதி குறையும்.

இன்னொன்று. நாங்கள் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லிப் பழகிய ஆட்கள். "முந்தநாள் காலமை கோயிலுக்குப் போயிட்டு வந்தவர், அப்பவே முகம் சரியில்லை" என்று ஆரம்பிப்போம். 911இல் முதல் வசனம் இப்போது என்ன நடக்கிறது என்பதாக இருக்கட்டும்: "அப்பா விழுந்திட்டார், கண் திறக்கிறார் இல்லை." கோயில் கதையை டொக்டர் கேட்பார், அப்போது சொல்லலாம்.

வாகனம் வரும் வரைக்கும் வெளி லைட்டைப் போடுங்கள், கதவைத் திறந்து விடுங்கள், ஒருவர் வாசலில் நின்று கை காட்டட்டும், அவர் சாப்பிடும் மருந்துகளை ஒரு பையில் போட்டு எடுத்து வையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதமாக இருக்கலாம். படுத்தால் சரியாகும் என்று விடக்கூடாது. நெஞ்சுவலிக்காரரை நீங்களே காரில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். அம்புலன்ஸ்காரர் வீட்டுக்குள்ளேயே சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

சின்னப்பிள்ளை தவறுதலாக 911 அழுத்திவிட்டால் போனை வைக்காமல் "மிஸ்டேக்" என்று சொல்லுங்கள். பேசாமல் வைத்தால் ஏதோ ஆபத்து என்று நினைத்துத் திருப்பி எடுப்பார்கள், ஆள் அனுப்பவும் கூடும்.

அம்புலன்ஸுக்கு ஆயிரக்கணக்கில் பில் வரும் என்ற பேச்சு நம்மிடையே ஓயாமல் சுற்றுகிறது. அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு மத்திய அரசின் இடைக்கால மருத்துவத் திட்டம் உண்டு. ஆஸ்பத்திரி, டொக்டர், ரத்தப் பரிசோதனை, அம்புலன்ஸ் எல்லாம் அதன் அடிப்படைப் பகுதிக்குள் வரும். உங்கள் கோரிக்கை கிடைத்தது என்று தந்த கடிதம், அல்லது படம் ஒட்டிய அகதிக் கோரிக்கையாளர் ஆவணம்தான் அதற்கு அத்தாட்சி. நம்மவர்கள் இன்னும் "பிறவுன் பேப்பர்" என்று சொல்வது இதைத்தான். அதைப் படம் எடுத்துப் போனில் வையுங்கள். ஒன்ராறியோ ஹெல்த் கார்ட் கிடைத்த பிறகு, உண்மையிலேயே தேவைப்பட்ட அம்புலன்ஸுக்கு வழக்கமாக வரும் பில் 45 டொலர். அந்தக் காசை மிச்சம் பிடிக்க ஊபர் எடுத்து வருகிறவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

எமெர்ஜென்சியில் வந்த வரிசைப்படி கூப்பிடமாட்டார்கள், நோயின் கடுமைப்படிதான் கூப்பிடுவார்கள். மணிக்கணக்காக இருக்க நேரிடும். அங்கேயும் தமிழ் மொழிபெயர்ப்பு கேளுங்கள். பத்து வயது மகளை வைத்துத் தாயின் கர்ப்பப்பை வருத்தத்தை விளக்க வைக்காதீர்கள். பிள்ளை வெட்கத்தில் பாதியை விழுங்கிவிடும், டொக்டருக்குப் பாதி நோய்தான் போய்ச்சேரும்.

911 தேவைப்படாத நேரங்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று தெரியவில்லை: 811. இரவு பகல் எந்நேரமும் தாதி ஒருவர் கதைப்பார். படுக்க இடம், சாப்பாடு, உடுப்பு, எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால் 211, மொழிபெயர்ப்பு கேட்கலாம். இரவு தங்க இடமே இல்லாவிட்டால் ரொறன்ரோ மாநகரத்தின் தங்குமிட இலக்கம் 416-338-4766. பிள்ளை மருந்தையோ துப்புரவுத் திரவத்தையோ குடித்துவிட்டால் நச்சு மையம் 1-844-764-7669. ஆனால் பிள்ளை மயங்கினால், மூச்சுத் திணறினால் நேராக 911. கார் கண்ணாடி உடைத்துப் பை களவு போய்விட்டது, கள்வன் போய்விட்டான் என்றால் பொலிசின் அவசரமில்லாத இலக்கம் 416-808-2222.

பொலிஸ் என்றால் உடம்பு நடுங்கும் எங்களுக்கு

சீருடையைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்ளச் செய்தது எங்கள் வாழ்க்கை. சுற்றிவளைப்பு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி, ஆளைக் கடத்தும் வெள்ளை வான், கொழும்பில் விசாரணைக்குக் கொண்டுபோகும் நாலாம் மாடி. இதைக் கடந்து வந்த ஒருவரிடம் "பொலிசைக் கூப்பிடு" என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

அகதிக் கோரிக்கை நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் இந்த நாட்டில் ஒளிந்திருக்கவில்லை, சட்டப்படி இருக்கிறீர்கள். உங்களை அடித்தவரைப் பற்றி, உங்களிடம் களவெடுத்தவரைப் பற்றி முறையிட்டதற்காகக் கேஸ் உடையாது. பொலிஸ் பிடித்தால் உடனே லோயரோடு கதைக்கும் உரிமை உண்டு. காசில்லாதவருக்கு இலவசமாகக் கதைக்க ஒரு லோயரின் இலக்கம் தருவார்கள். என்ன சொல்கிறார்கள் என்று விளங்காவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். காரில் மறித்தால் இறங்காமல், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இருங்கள். ஊரில் செய்ததுபோல லைசென்சுக்குள் காசை மடித்து வைத்து நீட்டாதீர்கள். இங்கே அது பெரிய குற்றம், அதுதான் கேஸைக் கெடுக்கும்.

சத்தங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மே மாத விக்டோரியா தினத்திலும் ஜூலை 1 கனடா தினத்திலும் இரவில் வெடி வெடிக்கும். செப்டம்பர் தொடக்கத்தில் லேபர் டே வார இறுதியில் ஏரிக்கு மேலே விமானக் கண்காட்சி நடக்கும். போர் விமானங்கள் ஊரையே அதிர வைத்துக்கொண்டு போகும். வன்னியிலிருந்து வந்த ஆட்கள் மேசைக்குக் கீழே போனதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்திருந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம், வயதானவர்களுக்குச் சொல்லி வையுங்கள். எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் சைரன்போல அலறினால் அது அரசின் அவசர அறிவித்தல், பிள்ளை காணாமல் போனது அல்லது சூறாவளி எச்சரிக்கை மாதிரி. நித்திரை வராமல், பழைய நினைவு விடாமல் துரத்தினால், சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கென்றே 1977 முதல் இயங்கும் கனடிய நிலையம் ரொறன்ரோவில் இருக்கிறது. 211ஐக் கேட்டால் இணைப்பைத் தருவார்கள். சாகலாம் போல இருக்கிறது என்ற நிலை வந்தால் 988. அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். மொழி தடையாக இருந்தால் 911ஐ எடுங்கள், இதுவும் அவசரம்தான்.

குசினி, பேஸ்மென்ட், குளிர்

புகை எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைக்கு வெளியிலும் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். வாடகை வீட்டில் அதைப் பூட்டிப் பராமரிப்பது வீட்டுக்காரரின் கடமை. நாங்கள் செத்தல் மிளகாய் வறுத்தால் அது கத்தும். கத்துகிறதென்று பற்றரியைக் கழற்றி லாச்சிக்குள் போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கழற்றவே கூடாது, அது சட்டப்படி குற்றமும்கூட. ஜன்னலைத் திறவுங்கள், அடுப்பு மேலிருக்கும் விசிறியைப் போடுங்கள், குசினியிலிருந்து தள்ளிப் பூட்டச் சொல்லி வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

ரோல்ஸ் பொரிக்கும் தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெருப்பு கூரைக்கு எழும்பும். அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுங்கள். முடியவில்லையா, ஆட்களோடு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 911. மாடிக் கட்டடத்தில் நெருப்பு மணி அடித்தால் லிஃப்டில் ஏறாமல் படியால் இறங்குங்கள். வாசலில் புகை நிரம்பியிருந்தால் உள்ளேயே நின்று கதவு நீக்கலை ஈரத்துணியால் அடைத்து, 911க்கு யூனிட் இலக்கத்தைச் சொல்லுங்கள்.

பேஸ்மென்ட் வாடகைக்கு எடுக்குமுன் ஒரே ஒரு சோதனை: படி வழி மூடிவிட்டால் நீங்கள் ஜன்னலால் ஏறி வெளியே போகமுடியுமா? முடியாவிட்டால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள்.

கார்பன் மொனொக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, சத்தி, மயக்கம் வந்தால் உடனே வெளியே ஓடி 911 எடுங்கள். 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டிய சிலர் இந்த வாயுவுக்கு ஆளானார்கள். கரியோ பார்பிக்யூவோ வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் வேண்டாம். மின்சாரம் போய் வீடு குளிர்ந்தால் மாநகரத்தின் 311 இலக்கத்தில் கேளுங்கள், சூடான இடம் எங்கே திறந்திருக்கிறது என்று சொல்வார்கள்.

காற்றோடு சேர்த்துக் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். விரலோ காதோ வெளிறி மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், கொதிநீரில் வைக்காதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணீர் போதும்.

வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால்

இது பெண்களுக்கு. "பொலிசுக்குச் சொன்னால் கேஸ் போயிடும், ரெண்டு பேரையும் திருப்பி அனுப்புவினம்" என்று கணவர் சொல்லியிருந்தால், அது உங்களை வாய்மூட வைக்கும் பேச்சு. கணவன் மனைவி கோரிக்கைகளை ஒன்றாக இணைத்து விசாரிப்பது வழக்கம். ஆனால் உங்களுடையதைத் தனியாகப் பிரிக்கக் கேட்கலாம். அதற்கு உங்களுக்கென்று தனி லோயர் வேண்டும். ஒன்ராறியோ சட்ட உதவி 1-800-668-8258. வீட்டில் அடி வாங்குகிறேன் என்று சொன்னால் லோயரோடு இரண்டு மணிநேரம் இலவசமாகக் கதைக்க வழி செய்வார்கள்.

அடி விழும் நேரத்தில் 911. பேசமுடியாவிட்டாலும் எடுத்துத் திறந்து வையுங்கள். நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: பொலிஸ் வந்து போதிய ஆதாரம் கண்டால் குற்றம் பதிவது அவர்கள் கடமை, பிறகு நீங்கள் "விட்டுவிடுங்கள்" என்றாலும் அது நிற்காது. பிள்ளைகள் இருந்தால் சிறுவர் பாதுகாப்புக் கந்தோரும் விசாரிக்கும். இவ்வளவும் முன்பே தெரிந்துகொண்டு யோசிக்க வேண்டுமென்றால், தாக்கப்பட்ட பெண்களுக்கான இலக்கம் 416-863-0511. 24 மணிநேரமும் எடுக்கலாம், பெயர் சொல்லத் தேவையில்லை, தமிழும் கேட்கலாம்.

எங்கள் சமூகம் சின்னது, யார் குரல் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. மொழிபெயர்ப்பவர் தெரிந்த ஆளாக இருந்தால் "வேறு ஆள் வேண்டும்" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை, எங்களுக்குக் கோபமும் வராது. என்னிடம் அப்படிக் கேட்டால் நான் நிம்மதியாக விலகிக்கொள்வேன்.

கணவருக்குத் தெரியாத இடத்தில் ஒரு சின்னப் பை இருக்கட்டும்: அகதி ஆவணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மருந்து, கொஞ்சக் காசு, வீட்டுத் திறப்பு. பெண்கள் தங்குமிடங்களின் விலாசத்தை வெளியில் யாருக்கும் சொல்லமாட்டார்கள்.

போனில் வரும் மிரட்டல்

"வரி கட்டவில்லை, இன்றைக்கே பிடிப்போம்", "இமிகிரேசனிலிருந்து கதைக்கிறோம், நாடு கடத்தப்போகிறோம்" என்று அழைப்பு வரும். காசைக் கிஃப்ட் கார்டில் வாங்கி இலக்கத்தைச் சொல்லச் சொல்வார்கள், அல்லது பிட்கொய்ன் கேட்பார்கள். எந்த அரசுக் கந்தோரும் அப்படிக் காசு கேட்காது. வைத்துவிட்டு, மோசடித் தடுப்பு மையத்துக்கு அறிவியுங்கள்: 1-888-495-8501. வேலைக்கும் வரிக்கும் அரசு தரும், 9இல் தொடங்கும் உங்கள் சின் நம்பரை யாருக்கும் போனில் சொல்லாதீர்கள். வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல் முற்பணம் அனுப்பாதீர்கள்.

உங்களைக் கனடாவுக்குக் கொண்டுவந்த ஏஜென்சிக்காரன் மிச்சக் காசுக்கு மிரட்டினால், ஊரில் இருக்கும் குடும்பத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால், வொயிஸ் மெசேஜ்களை அழிக்காதீர்கள். முதலில் உங்கள் லோயரிடம் சொல்லுங்கள், பிறகு பொலிசுக்கு. மிரட்டிக் காசு பறிப்பது இங்கே குற்றம். உங்கள் ஆவணங்களை "நான் பத்திரமா வச்சிருக்கிறன்" என்று யாராவது வாங்கி வைத்திருந்தால், உறவினராக இருந்தாலும் திருப்பி வாங்குங்கள்.

இரவு பஸ்ஸில் தனியாக வருகிறவர்களுக்கு ஒரு வசதி. ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்தான ரீரீசியின் பஸ்களில் இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணிவரை இரண்டு தரிப்பிடங்களுக்கு நடுவிலும் இறக்கச் சொல்லிச் சாரதியைக் கேட்கலாம். ஒரு தரிப்பிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சப்வே ரயிலுக்குள் ஆபத்து என்றால் ஜன்னலோரமாக உள்ள மஞ்சள் பட்டையை அழுத்துங்கள்.

கடைசியாக, ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் விலாசத்தையும் பெரிய சந்தியையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மாவுக்காக அதன் கீழே அதே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அதற்கும் கீழே 911, 811, 211, லோயரின் இலக்கம், எல்லாவற்றுக்கும் அடியில் சித்தப்பாவின் இலக்கம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீடு மாறினால் அன்றைக்கே தாளை மாற்றுங்கள். அன்றைக்கே லோயருக்கும், அவர் வழியாக இமிகிரேசனுக்கும் அகதிச் சபைக்கும் புது விலாசத்தைக் கொடுங்கள். விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போனால் கேஸ் கைவிடப்பட்டதாக முடிந்துவிடக்கூடும்.